பாலுக்கு இரண்டு சைகை

அசாம் ஜாவாவிலிருந்து உள்ளே நாலு மைல் போனால் புக்கிட் செராய் தோட்டம். அந்தத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில், தலைமையாசிரியர் அறை இரும்பு அலமாரிக்குள், தாளில் எழுதியதைச் சுவரில் பெரிதாக்கிக் காட்டும் ஓர் ஓஎச்பி ஒன்றரை வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. வந்து இறங்கிய நாளில் தலைமையாசிரியர் இராமையா அதைப் பெட்டியைவிட்டு எடுத்து, எல்லா ஆசிரியர்களுக்கும் காட்டி, பிளாஸ்டிக் உறையைப் போர்த்திப் பூட்டினார். மாலை போட்டுக் கற்பூரம் காட்டாத குறைதான்.

1985 ஏப்ரலில் சந்திரிகா டீச்சர் அதைக் கேட்டுப் போய் நின்றாள்.

"பல்பு போச்சுன்னா கோலாலம்பூர்லதான் வாங்கணும் டீச்சர். எழுதிப் போட்டா மூனு மாசம் ஆகும்," என்றார் இராமையா.

"பல்பு போனா நானே பஸ் ஏறிப் போய் வாங்கிட்டு வரேன் சார். என் வகுப்புப் புள்ள நாகமணி போயிட்டா எந்தக் கடையில வாங்குறது?"

இராமையா மேசை இழுப்பறையைத் திறந்தார். பிறகு சாவியை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

சந்திரிகா ராவாங்கில் பிறந்தவள். அப்பா அங்கே ஒரு தொழிற்சாலையில் மெக்கானிக். காது கேளாத பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தவளுக்குப் பள்ளி கொடுத்தது பழைய சாமான் அறையையும் சுற்று வட்டாரத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த ஐந்து பிள்ளைகளையும். அந்த ஐவரில் ஒருத்தி நாகமணி. ஒன்பது வயது. பிறவியிலேயே காது கேட்காது. தாய் வேலம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவுகிறவள்.

பிப்ரவரியில் உமாபதி என்ற கல்வி இலாகா அதிகாரி வந்து ஐவரையும் சோதித்திருந்தார். சோதனை என்றால் பட அட்டைகள். நாகமணி எண்ணிக் காட்டினாள், நிறம் பிரித்தாள், உருவம் பொருத்தினாள். கடைசிக் கட்டு, எது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது. ஒரு தம்ளரில் வெள்ளையாகப் பால். கீழே கொட்டை எழுத்தில் 'பால்'. பக்கத்தில் மூன்று அட்டைகள்: பசு, மரம், கிணறு. நாகமணி மரத்தை எடுத்தாள். அவர் தலையை ஆட்டி மறுபடி காட்டினார். அவள் மறுபடி மரத்தையே எடுத்து, விரலால் அதன்மேல் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினாள். இது போதாதென்று, பள்ளியில் கொடுக்கும் இலவசப் பால் பாக்கெட்டை அன்று அவர் கண்ணெதிரிலேயே வடிகாலில் எறிந்தாள்.

'விலங்கையும் மரத்தையும் பிரித்தறியும் வளர்ச்சிகூட இல்லை' என்று அறிக்கை வந்தது. ஜூலையில் இன்னொரு சோதனை. அப்போதும் இதே நிலை என்றால் மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்காக ஜொகூரில் இருக்கும் ஓர் இல்லத்துக்கு அனுப்பப்படுவாள்.

வேலம்மாவுக்கு அறிக்கையைப் படித்துக் காட்டியதும் அவள் கேட்டது ஒன்றுதான். "ஜொகூர்ல எம் புள்ள கையை யாரு டீச்சர் படிப்பா?"

தாயும் மகளும் பேசிக்கொண்டது கையால்தான். அந்தக் கைமொழியை எந்தப் பள்ளியும் சொல்லித் தரவில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அடுப்படியில் வேலம்மா தானே உண்டாக்கியது. உலகத்தில் அதைப் பேசத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

ஓஎச்பியின் சூட்சுமம் சுலபமானது. பெட்டிக்குள் ஒரு பலமான பல்பு. பெட்டியின் மேல்பக்கம் மேசைபோல ஒரு கண்ணாடி. கண்ணாடிக்கு அடியில், இசைத்தட்டைப் போல வளையம் வளையமாகக் கீறிய ஒரு தட்டை வில்லை. பல்பின் ஒளியைச் சிதறவிடாமல் மேலே ஓரிடத்தில் குவிப்பது அதன் வேலை. அந்த இடத்தில், ஒரு தண்டின் உச்சியில், ஒரு லென்ஸும் சாய்த்துவைத்த முகக்கண்ணாடியும் இருக்கும். ஒளி அதில் பட்டுத் திரும்பிச் சுவரில் விழும். கண்ணாடிமேல் கண்ணாடிபோல் தெளிவான ஒரு தாளை வைத்து எழுதினால், எழுதியது எழுதியபடி சுவரில் ஆளுயரத்துக்கு நிற்கும்.

ஆனால் சந்திரிகா அதைக் கேட்டு வாங்கியது படம் பெரிதாகத் தெரியும் என்பதற்காக அல்ல. கரும்பலகையில் எழுதுகிற ஆசிரியர் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டுகிறார். கேட்கிற பிள்ளைக்கு அதனால் நஷ்டம் இல்லை. குரல் முதுகைச் சுற்றிக்கொண்டு வந்துவிடும். உதட்டைப் பார்த்துப் பேச்சை அறிகிற பிள்ளைக்கு, ஆசிரியர் திரும்பிய நொடியே வகுப்பு முடிந்துவிட்டது. சிலைடு படம் காட்டலாம் என்றால் அறையை இருட்டாக்க வேண்டும். இருட்டில் முகமும் இல்லை, கையும் இல்லை. ஓஎச்பியோ ஜன்னல் திறந்திருக்கும்போதே தெரியும். ஆசிரியர் பிள்ளைகளைப் பார்த்தபடியே எழுதலாம். படம், உதடு, கை, மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே திசையில். பல்பைக் குளிரவைக்க உள்ளே ஓடும் காற்றாடி லோரி மாதிரி இரையும். மற்ற வகுப்பில் அது பெரிய தொந்தரவு. இங்கே அதைப் பற்றி ஒரு புகாரும் வரவில்லை. நாகமணி மட்டும் தினமும் உள்ளங்கையைப் பெட்டியின்மேல் வைத்து, அந்த அதிர்வை ருசித்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள்.

எழுதுவதற்குத் தெளிவான தாள் கடையில் விலை அதிகம். தோட்ட மருந்தகத்து டிரஸரிடம் வாங்கிய பழைய எக்ஸ்ரே படங்களைச் சந்திரிகா வெளுப்பு நீரில் ஊறவைத்தாள். யாருடைய விலா எலும்போ மெல்லக் கரைந்து போனது. மிஞ்சியது லேசான நீல நிறத்தில் அருமையான தாள். மின்சாரம்தான் சிக்கல். லயங்களுக்குக் கரண்ட் மாலை ஆறு மணிக்குமேல். பகலில் ரப்பர் ஆலையின் எஞ்சின் ஓடும்போது மட்டும் பள்ளிக்கும் ஒரு கம்பி வழியாகக் கரண்ட் வரும். மரங்களிலிருந்து பால் வந்து சேர்ந்த பிறகே எஞ்சின் ஓடலாம், எண்ணெயை வீணாக்கக் கூடாது என்பது தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணியின் உத்தரவு. அதனால் அவளுடைய பாடம் தினமும் பத்தரைக்குத் தொடங்கியது. மழை பெய்தால் மரம் சீவ மாட்டார்கள். பால் இல்லை, எஞ்சின் இல்லை, ஓஎச்பி இல்லை.

மே மாதம் ஒருநாள் சந்திரிகா பால் பாடத்தை எடுத்தாள். மூன்று தாள்கள். முதலில் பசு. அதன்மேல் இரண்டாவது தாளை வைத்ததும் மடிக்குக் கீழே வாளி வந்தது. மூன்றாவதை வைத்ததும் தம்ளர் வந்தது. தாள்மேல் தாள் அடுக்க அடுக்கக் கதை வளரும். நாலு பிள்ளைகள் தலையாட்டினார்கள்.

நாகமணி எழுந்து வந்தாள். மூன்று தாள்களையும் ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தாள், தப்பாகப் போட்ட தையலைப் பிரிக்கிற மாதிரி. வெறுந்தாள் ஒன்றை வைத்து, பேனாவை வாங்கி வரையத் தொடங்கினாள்.

ஒரு மரம். பட்டையில் சாய்வாக ஒரு கோடு. கோட்டின் முனையில் கிண்ணம். வாளி தூக்கிப் போகும் பெண். நீளத் தொட்டி, அதில் வரிசையாகத் தடுப்புத் தகடுகள். போத்தலிலிருந்து எதையோ ஊற்றும் ஆள். இரண்டு உருளைகளுக்கு நடுவே வெளியே வரும் தட்டை விரிப்பு. புகைக் கூண்டில் தொங்கும் விரிப்புகள். லோரி. லோரிக்கு அப்புறம், உறிஞ்சு குழல் செருகிய பால் பாக்கெட்.

சந்திரிகா மெக்கானிக் மகள். ஒரு வேலை எந்த வரிசையில் நடக்கிறது என்று பார்க்கத் தெரிந்த கண் அவளுக்கு. சுவரில் நின்றது ஒரு ரப்பர் ஆலை, ஒரு திருகாணி விடாமல். கடைசி இணைப்பு ஒன்றுதான் தப்பு.

நாகமணி இன்னும் முடிக்கவில்லை. பாலைக் கட்டியாக்க ஆசிட் ஊற்றும் ஆளைத் தொட்டாள். பாக்கெட்டைத் தொட்டாள். தன் வயிற்றைத் தொட்டாள். இரண்டு கைகளையும் மெதுவாக முஷ்டியாக்கி இறுக்கிக் காட்டினாள். குடித்தால் உள்ளே போய்க் கட்டியாகிவிடும். அதனால்தான் எறிந்தேன்.

சாயங்காலம் சந்திரிகா லயத்துக்கே போய்விட்டாள்.

"வீட்ல பாலுக்கு எப்படி கை காட்டுவீங்க அக்கா?"

வேலம்மா காற்றில் உளியைப் பிடித்துச் சாய்வாக இழுத்தாள்.

"அது மரத்துப் பாலு. தேத்தண்ணிக்கு ஊத்துற பாலு?"

வேலம்மாவின் கை மறுபடி அதே சாய்வில் இறங்கியது. பாதியில் நின்றது. தன் கையையே பார்த்தாள்.

"வார்த்தை ஒன்னுதானே டீச்சர். அதான் கையும் ஒன்னா வச்சுட்டேன்."

"அவ மாடு கறந்து பாத்திருக்காளா?"

"எங்க பாக்க? புதுசா நட்ட கன்னு மரத்த மேயுதுன்னு தோட்டத்துல மாடு வளக்குறத நிறுத்தி பத்து வருசம் ஆச்சு. நாங்க டின் பாலுதான். அதுவும் பாருங்க, கெட்டியா, வெள்ளையா, நம்ம மரத்துப் பாலு மாதிரியேதான் இருக்கு. அவ மட்டும் அதத் தொடவே மாட்டா, வெறுந்தேத்தண்ணிதான்." வேலம்மா அடுப்பங்கட்டையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப எம் புள்ள மண்டு இல்ல. நாந்தான் மண்டு."

"நீங்களும் இல்ல அக்கா. தமிழு ஒரு வார்த்தையில ரெண்டு சாமான வச்சிருக்கு. அவ அதை அப்படியே நம்பிட்டா. உமாபதி சாருக்கு ஒரு பாலுதான் தெரியும். இவளுக்கு இன்னொன்னுதான் தெரியும். அவ்வளவுதான்."

அன்றே இரண்டாவது சைகை பிறந்தது: இரண்டு முஷ்டிகளை மாற்றி மாற்றிக் கீழே இழுப்பது, மடி கறக்கிற மாதிரி. வேலம்மா நாலு தரம் செய்து பழகினாள். எதிர் வீட்டு நல்லம்மாள் எட்டிப் பார்த்து, "என்னாடி, இல்லாத மாட்டக் கறக்குற?" என்று கேட்டாள்.

சைகை கொடுத்துவிட்டால் நம்பிக்கை வந்துவிடுமா? நாகமணி அத்தனை சுலபத்தில் ஒப்புக்கொள்கிறவள் இல்லை. மறுநாள் சந்திரிகா ஓஎச்பியின் கண்ணாடிமேல் இரண்டு கண்ணாடித் தட்டுகளை வைத்தாள். ஒன்றில் மரத்துப் பால், ஒன்றில் பாக்கெட் பால், இரண்டிலும் தண்ணீர் கலந்து. சுவரில் மங்கலாக இரண்டு நிலாக்கள். இரண்டிலும் வினிகர் விட்டாள். மரத்துப் பால் திரண்டது. அதோடு பாக்கெட் பாலும் திரிந்து கட்டி கட்டியானது.

நாகமணி கைகளைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து டீச்சரைப் பார்த்தாள். நான் சொல்லவில்லையா என்ற பார்வை.

சந்திரிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புளிப்பு பட்டால் பால் திரியும் என்று சமையலறையில் தெரிந்தது வகுப்பறையில் மறந்துபோயிருந்தது. சற்று யோசித்து, தட்டைச் சுட்டி, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து இழுத்துப் பார் என்று காட்டினாள். நாகமணி ஒரு தட்டில் விரலை விட்டு இழுத்தாள். சுவரில் ஒரு கறுப்பு விரல் கறுப்புக் கட்டியைக் கிள்ள, கட்டி உதிர்ந்தது. மற்றத் தட்டில் இழுத்தாள். அது நீண்டது, நீண்டது, சுவரின் பாதி நீளத்துக்கு மெல்லிய படலமாக வந்தது. விட்டதும் சுருங்கி விரலிலேயே வந்து அடித்தது. அவள் திடுக்கிட்டு மறுபடி இழுத்தாள். பதினோரு தரம் இழுத்தாள். பிறகு சந்திரிகா பக்கம் திரும்பி, முதலில் சாய்வாக ஒரு கை, அடுத்து கறக்கும் இரண்டு கை. இரண்டும் வேறு.

மறுநாள் பாக்கெட்டை உடைத்து ஒரே ஒரு வாய் குடித்தாள். கால் மணி நேரம் வயிற்றின்மேல் கைவைத்துக் காத்திருந்தாள். ஒன்றும் இறுகவில்லை என்று உறுதியான பிறகு மீதியைக் குடித்தாள்.

ஜூலையில் சோதனை நாளன்று விடியற்காலை மூன்றிலிருந்து மழை. எட்டரைக்குத்தான் விட்டது. மரம் எல்லாம் நனைந்து கிடந்தது. பட்டை காய்ந்து, சீவி, பால் வடிந்து, ஆலைக்கு வந்து சேர மத்தியானம் ஆகும். உமாபதி பத்து மணிக்கே வந்துவிட்டார். பன்னிரண்டுக்குக் கிளம்பிச் சுங்கை பஞ்சாங்குக்குப் போக வேண்டும் என்றார்.

"சார், எப்படியாச்சும் அவரக் கொஞ்சம் பிடிச்சு வைங்க," என்று சந்திரிகா இராமையாவிடம் சொன்னாள்.

இராமையா பிடித்து வைத்தார். தேநீர், வடை, பள்ளிக்கூடத்துக் கிணறு, பள்ளி கட்டப்பட்ட வருஷம், அந்த வருஷத்து நிர்வாகியின் நாய். பதினொன்றரை வரை தாக்குப்பிடித்தார். அதற்குமேல் நாய்க்கும் கதை இல்லை.

நாகமணி ஓஎச்பியின் சுவிட்சை முன்பே தட்டிவிட்டு, பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பெட்டி பிணம்போலக் கிடந்தது. உமாபதி அவளுக்கெதிரே உட்கார்ந்து அட்டைகளை வரிசையாகப் போட்டார். எல்லாம் சரியாகப் போயிற்று. தம்ளர் அட்டையும் வந்தது. பசு, மரம், கிணறு.

நாகமணி பசுவை எடுத்துத் தம்ளருக்கு இடப்பக்கம் வைத்தாள். மரத்தை எடுத்து வலப்பக்கம் வைத்தாள்.

"ஒன்னுதான் எடுக்கணும்," என்று உமாபதி ஒரு விரலைக் காட்டினார். அவள் இரண்டு விரலைக் காட்டினாள். அவர் பெருமூச்சு விட்டுப் பென்சிலை எடுத்தார். அவர் கெட்டவர் இல்லை. அட்டையில் ஒரு பதில்தான் அச்சிட்டிருந்தது.

"சார், அவ சொல்றதுக்குக் காரணம் இருக்கு," என்றாள் சந்திரிகா.

"நீங்க சொல்லக்கூடாது டீச்சர். அவதான் காட்டணும். அதுக்குத்தான் சோதனை."

"அவளேதான் சார் காட்டுவா. கரண்ட் வந்தா காட்டுவா."

உமாபதி கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று நாற்பத்தைந்து.

ஆலையில் அந்த நேரத்தில் நடந்ததைச் சந்திரிகா பிறகுதான் கேள்விப்பட்டாள். ஆலைக்குப் பக்கத்து வரிசையில் மட்டும் நாற்பது மரத்தைச் சீவி, வடிந்தவரை வழித்துக்கொண்டு, வேலம்மா ஓட்டமும் நடையுமாக வந்து எஞ்சின்காரர் செல்லையாவின் முன் வாளியை வைத்தாள். அடியில் கால் வாளிதான் இருந்தது.

"என்னா வேலம்மா இது, பூனைக்கு ஊத்தவா?"

"பாலு வந்தா எஞ்சின் ஓட்டணும். அதானே சட்டம்? எவ்ளோ வரணும்னு கிராணி எழுதி வச்சிருக்காரா?"

செல்லையா வாளியைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். "எழுதல லா," என்று சொல்லி எஞ்சினைச் சுழற்றினார்.

வகுப்பறையில் யாருக்கும் தெரியுமுன் நாகமணிக்குத் தெரிந்தது. உள்ளங்கை அதிர்ந்தது. வந்துவிட்டது என்று அவள் வலக்கையை உயர்த்தினாள். அதன் பிறகுதான் பல்பு மஞ்சளாகி வெள்ளையானது, சுவரில் சதுரமாக வெளிச்சம் விழுந்தது.

அவள் யாரையும் கேட்கவில்லை. எக்ஸ்ரே தாளில் நடுவே 'பால்' என்று எழுதினாள். ஒருபக்கம் பசு, ஒருபக்கம் மரம், இரண்டிலிருந்தும் சொல்லுக்கு ஒவ்வொரு கோடு. அதற்குள் வேலம்மா முழங்கால்வரை சேறோடு வாசலில் வந்து நின்று ஒரு கிண்ணத்தை நீட்டினாள். நாகமணி அதைத் தட்டில் ஊற்றினாள். மற்றதில் பாக்கெட் பால். இரண்டிலும் தண்ணீர் கலந்தாள்.

இராமையா பதறி, "கண்ணாடி மேல தண்ணி கிண்ணி..." என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டார்.

சுவரில் இரண்டு நிலாக்கள். நாகமணி உமாபதியின் பக்கம் திரும்பி, அட்டைக் கட்டிலிருந்து பசுவையும் மரத்தையும் எடுத்து அவர் கையில் திணித்தாள். சுவரைச் சுட்டினாள். எது எது?

"என்னை கேக்குறாளா?" என்றார் உமாபதி.

"ஆமா சார்," என்றாள் சந்திரிகா. "நான் சொல்லக்கூடாது."

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் ஒரே மங்கல், ஒரே வட்டம். நாகமணி வினிகர் விட்டு உதவி செய்தாள். இரண்டும் திரண்டன. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இடப்பக்க வட்டத்துக்கு நேராகப் பசு அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

நாகமணி இடப்பக்கத் தட்டில் விரலைவிட்டு இழுத்தாள். சுவரில் அது நீண்டுகொண்டே போய், படலமாகி, பட்டென்று சுருங்கியது. வலப்பக்கம் கிள்ளினாள். உதிர்ந்தது. முகத்தில் கொஞ்சமும் சிரிப்பில்லாமல் பேனாவை எடுத்து, இடப்பக்கத்தில் ஆளுயரத்துக்கு ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

மற்ற நாலு பிள்ளைகளும் மேசையைத் தட்டினார்கள். இராமையா சிரிப்பை அடக்க இருமினார். அப்போது உமாபதியும் சிரித்துவிட்டார்.

"நான் கிள்ளான் டவுன்ல வளந்தவன் டீச்சர். மரத்துப் பாலை இவ்ளோ கிட்டத்துல இன்னிக்குத்தான் பாக்குறேன்." அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த அட்டையில கேள்வியே தப்பு. ரெண்டு பதில் இருக்குற கேள்விக்கு ஒரு பதில அச்சடிச்சிருக்கு. ஆறு வருசமா இதத் தூக்கிட்டுத் திரியுறேன், ஒருத்தரும் சொல்லல. இவதான் சொன்னா. பிப்ரவரியிலயே சொல்லியிருக்கா. எனக்குத்தான் காது கேக்கல."

பிப்ரவரி அறிக்கையை எடுத்து, குறுக்கே கோடு கிழித்து, கையெழுத்துப் போட்டார். புதுத் தாளில் எழுதத் தொடங்கினார். எழுத எழுத உரக்கப் படித்தார், வாசலில் நிற்பவளுக்கும் கேட்கட்டும் என்று. "ஒரு பொருளைச் சோதித்து இன்னொன்றிலிருந்து பிரித்தறியும் திறன் வயதுக்கு மேற்பட்டு உள்ளது. இல்லம் தேவையில்லை. ஆகஸ்ட் மாதம் முதல் மூன்றாம் ஆண்டு வகுப்பில் மற்றப் பிள்ளைகளோடு அமரலாம். ஓஎச்பியும் அந்த வகுப்புக்கு உடன் செல்ல வேண்டும்."

சுங்கை பஞ்சாங்குக்கு அவர் போய்ச் சேரும்போது மூன்று மணி ஆகியிருக்கும். கிளம்புமுன் நாகமணியிடம் கைகொடுத்தார். அவள் குலுக்கிவிட்டு, தன் கையிலிருந்து அவருடைய விரலில் ஒட்டிய ரப்பர் படலத்தை இழுத்து விட்டுக் காட்டினாள்.

வேலம்மா வாசலைவிட்டு நகரவில்லை. சேற்றுக் காலோடு உள்ளே வரத் தயங்கி நின்றாள். சந்திரிகா அவளிடம் போய், "கேட்டுச்சா அக்கா? மூனாம் வகுப்பு," என்றாள்.

வேலம்மா தலையாட்டினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வேர்வையையும் சேற்றையும் சேர்த்துத் துடைக்க வேண்டியிருந்தது.

"எந்த பெஞ்சு டீச்சர்?"

"முன் பெஞ்சு லா. சுவருக்கு நேரா."

வேலம்மா மகளைப் பார்த்துக் கையால் மூன்று காட்டினாள், பிறகு முன்னால் என்று காட்டினாள். நாகமணி அதைப் படித்து முடித்ததும் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு, ஆகஸ்ட்டுக்குக் காத்திராமல், அடுத்த அறைக்கு நடக்கத் தொடங்கினாள்.